கேஸ் மாத்திரையை நிறுத்தினால் மறுபடி எரிகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. ஜவுளிக்கடையில் வேலை. வீடு வந்து சேர இரவு பத்தரை ஆகிவிடும். சாப்பிட்டுப் படுத்தால் ஒரு மணிக்கெல்லாம் தொண்டை வரை புளித்த தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே எழுந்து உட்காருகிறேன். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கேஸ் மாத்திரையை எட்டு மாதமாகப் போடுகிறேன். நிறுத்தினால் நாலாம் நாள் முன்னைவிட மோசமாக எரிகிறது. பழக்கத்தை மாற்றியே இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். பத்தரைக்குச் சாப்பாடு, பதினொன்றுக்குப் படுக்கை என்று நோயின் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் சுருக்குப்பை வாய் மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டால் அது அடிக்கடி நெகிழும். அமிலம் மேலே ஏறும். உட்கார்ந்திருப்பவருக்கு அது தானாக இறங்கிவிடும். படுத்திருப்பவருக்கு எங்கே இறங்கும்? கடைசிக் கவளத்துக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும்.

கடையைச் சீக்கிரம் மூடுவது உங்கள் கையில் இல்லை. அதனால் ராத்திரிச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கடைக்கே கொண்டுபோய் ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து பசித்தால் ஒரு இட்லி, அதோடு சரி. பரோட்டா, பிரியாணி ஆசையை மதியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புளி, காரம் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தச் சொல்லும் பட்டியல் நான் கொடுப்பதில்லை. எதைச் சாப்பிட்டால் உங்களுக்கு எரிகிறதோ அதை விட்டால் போதும். சிகரெட் இருந்தால் அது முதலில் போக வேண்டும். எரியும்போது சோடா குடிக்காதீர்கள். ஏப்பம் சுகமாக இருக்கும், கூடவே அமிலமும் வரும்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல், ஆடாமல் வையுங்கள். ஏறக்குறைய ஆறு அங்குலம் உயரும். தலையணைகளை அடுக்குவது இதற்கு ஈடாகாது. கழுத்தை மட்டும் தூக்கி வயிற்றை மடக்கிவிடும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்.

இனி அந்த மாத்திரை. போன மாதம் வந்த ஒருவர் மஞ்சப்பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்று கடை, மூன்று பெயர், உள்ளே இருந்த மருந்து ஒன்றே: அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல், கூடவே குமட்டலுக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன். மூன்றையும் போட்டுக்கொண்டிருந்தார். டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. எந்தத் தெருவில் நடக்கிறது? டாக்டர்களான எங்கள் ஆட்களும் யோக்கியமில்லை. கால்வலிக்குப் போனாலும் சீட்டின் கடைசி வரியில் ஒரு கேஸ் மாத்திரை எழுதுகிறோம், எப்போது நிறுத்துவது என்று எழுத மட்டும் கை வருவதில்லை.

மாதக்கணக்கில் அமிலத்தை அடக்கிவிட்டுத் திடீரென்று விட்டால், சில வாரங்களுக்கு இரைப்பை வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். நோய் திரும்பிவிட்டதென்று பயந்து மறுபடி கடைக்குப் போகிறீர்கள். அந்தச் சுழலில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். முதலில் செங்கல்லையும் சாப்பாட்டு நேரத்தையும் சரிசெய்யுங்கள். பிறகு டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைக்கலாம். இடையில் எரிந்தால் அமிலத்தை முறிக்கும் ஜெல் மருந்து போதும்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறவர்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் இதே மாத்திரையை இரைப்பையில் ரத்தம் கசியாமல் இருக்கக் கொடுத்திருப்பார்கள். எரிச்சலுக்காக அல்ல. எரிச்சலே இல்லையே என்று அவர்கள் நிறுத்தக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தினார் என்றும் நிறுத்தக்கூடாது. ஸ்டென்ட் வைத்த டாக்டர் சொன்னால்தான். வாயுவுக்கு எதற்கு இத்தனை மாத்திரை என்று வீட்டில் யாராவது கேட்டால், இது வாயு மாத்திரை இல்லை என்று சொல்லுங்கள்.

நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ சோடாக் கடையில் நிற்காமல் நேரே ஈசிஜி எடுக்கப் போங்கள். விழுங்கும்போது அடைத்தாலோ, எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி தேவை. உங்களுக்கு எட்டு மாதமாகிவிட்டது, இரவில் இருமலும் இருக்கிறது. ஆகவே இரைப்பை குடல் டாக்டரை ஒருமுறை நேரில் பாருங்கள். காலி மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். "மஞ்சள் கலர் மாத்திரை டாக்டர்" என்றால் எங்களுக்குப் புரியாது.