பதில்: பையில் 'ஏ1' என்று இருந்தும் கிண்ணத்தில் கல் போலச் சாம்பல் கட்டி

மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் எரிபொருளின் பையில் 'ஏ1' என்ற தரக் குறி இருந்தும், அடுப்பில் பெல்லட் எரியும் கிண்ணத்தில் சாம்பல் கல் போலக் கட்டியாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 'ஏ1' என்று அச்சடித்திருப்பது மட்டும் சான்றிதழ் ஆகாது. ஈஎன்பிளஸ் (ENplus, பெல்லட்டுக்கான தரச் சான்றுத் திட்டம்) முத்திரையும், அதோடு நாட்டுக் குறியீடும் எண்ணும் சேர்ந்த அடையாள எண்ணும் பையில் இருக்கவேண்டும். அந்த எண்ணை ஈஎன்பிளஸ் இணையதளப் பட்டியலில் தேடிப் பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் அந்தப் பையை நம்பாதீர்கள்.

கட்டி விழுவதற்குப் பெரும்பாலும் காரணம், மரத்தூளோடு கலந்துவிட்ட மணலும் மரப்பட்டையும்தான். இவை சாம்பல் உருகும் வெப்பநிலையைக் குறைத்துவிடும். ஈஎன்பிளஸ் ஏ1-க்குச் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 1200 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இளகவும் கூடாது. பலர் சாம்பல் அளவை மட்டும் பார்த்துத் திருப்தியாகிவிடுகிறார்கள். உங்களுக்கு முக்கியம் அந்த இரண்டாவது எண்.

அடுப்பு நன்றாக ஆறியபின் கிண்ணத்தைச் சுரண்டி, அதிலுள்ள காற்றுத் துளைகளையும் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் சான்று உறுதியான வேறொரு பையை, அடுப்பின் அமைப்பு எதையும் மாற்றாமல் எரித்துப் பாருங்கள். கட்டி நின்றுவிட்டால் பழைய பைதான் குற்றவாளி.

அதிலும் கட்டி வந்தால் பெல்லட்டைக் குறை சொல்லமுடியாது. பெரும்பாலும் காற்று போதவில்லை என்று அர்த்தம். கதவு கேஸ்கெட்டையும் (காற்று கசியாமல் அடைக்கும் நாடா) புகைபோக்கியையும் பாருங்கள். சான்று பெற்ற அடுப்பாக இருந்தாலும், கையேட்டில் சொன்ன தரத்துக்குக் கீழான எரிபொருள் போட்டால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம்.