தருமபுரி வெயிலுக்கு, குறைந்த தண்ணீரில், மாடியில் என்ன பூச்செடி வைக்கலாம்?

தயங்காமல் டேபிள் ரோஸ் வையுங்கள். பத்துமணிப் பூ என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவின் வறண்ட நிலத்துச் செடி. உருண்ட இலையை நசுக்கிப் பாருங்கள், தண்ணீர் கசியும். அந்தச் சேமிப்பில்தான் கோடையைக் கடத்துகிறது.

விதைகூட வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் விரல் நீளத் தண்டு கேட்டு வாங்கி, கீழ் இலைகளை உருவிவிட்டு நட்டாலே வேர் பிடிக்கும். நம் செம்மண்ணை அப்படியே தொட்டியில் போட்டால் இறுகிவிடும், பாதிக்குப் பாதி மணல் கலந்துகொள்ளுங்கள். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். இந்தச் செடி வெயிலில் சாவது அபூர்வம். ஈரம் தேங்கினால்தான் அடித்தண்டு கறுத்து, கொழகொழத்து அழுகும்.

நிழலில் பூ சரியாக விரியாது. தண்டு நீண்டு பூ குறைந்தால் பாதியாக வெட்டிவிடுங்கள், அப்புறம் பக்கக் கிளை விட்டுப் பூக்கும். ஐப்பசி அடைமழையில் மட்டும் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்துங்கள்.