ராஜினாமா எழுதித் தராதீர்கள், தம்பி

கேள்வி: அம்பத்தூரில் ஸ்க்ரூ தயாரிக்கும் கம்பெனியில் 22 வருடமாக ஸ்க்ரூவுக்குத் தலை அடிக்கும் ஹெடிங் மெஷின் ஓட்டுகிறேன். வயது 46. சம்பளம் 19,400 ரூபாய்; அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600. சீன ஸ்க்ரூ விலைக்கு நம்மால் கொடுக்க முடியாது என்று முதலாளி மெஷின்களை நிறுத்திவிட்டார். இப்போது அதே சீனச் சரக்கை வாங்கி எங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார். பேக்கிங் ஆட்கள் போக மீதி நாற்பது பேரிடமும் ‘ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு பணத்தை வாங்கிக்கோங்க’ என்கிறார்கள். எனக்கு 2 லட்சம் என்று சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வரை அவகாசம். இறக்குமதியால் வேலை போனால் அமெரிக்காவில் அரசே உதவும் என்கிறான் என் மகன். இங்கே அப்படி உண்டா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை நிதானமாகப் படியுங்கள்.

அந்த 2 லட்சம் என்ன பணம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதத்துக்கு 26 வேலைநாள், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. உங்கள் 15,600-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 9,000. 22 வருடத்துக்கு 1,98,000 ரூபாய். இது கிராஜுவிட்டி. நீங்களாகவே விருப்பப்பட்டு விலகினாலும் கொடுத்தே ஆகவேண்டிய பணம், தம்பி. ஏற்கெனவே உங்களுடையதாக இருப்பதைக் கொடுத்துத்தான் உங்கள் ராஜினாமாவை வாங்கப் பார்க்கிறார்கள்.

ராஜினாமா இல்லாமல் அவர்களே அனுப்பினால் அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. அப்போது கிராஜுவிட்டி தனி. அதற்கு மேல், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. இதில் மாதத்துக்கு 30 நாள் கணக்கு; 15,600-ஐ மட்டும் வைத்துப் பார்த்தாலே 1,71,600 ரூபாய் வருகிறது. ஒரு மாத நோட்டீஸ், அல்லது அந்த மாதச் சம்பளம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, வேறு தொழில் கற்றுக்கொள்வதற்கென்று இன்னொரு 15 நாள் சம்பளமும் 45 நாளுக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் விழ வேண்டும்.

என் அப்பா வடசென்னையில் ஒரு ஆலையில் தறி ஓட்டினார். ஆட்களைக் குறைத்தபோது, கணக்கு முடிக்கிற பேப்பர் என்று நீட்டியதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று அதில் அடித்திருந்தது. அம்மா அதன் நகலை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தார். நான் சட்டம் படித்து முடித்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். காலம் கடந்துவிட்டிருந்தது. தொழிலாளர் வழக்கு மட்டுமே பார்ப்பது என்று நான் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

சரி, மகன் கேட்டதற்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் பழைய செய்தி. ஜான் கென்னடி அதிபராக இருந்த 1962-ல் அந்தத் திட்டம் வந்தது. 1974-ல் விரிவாக்கினார்கள். ஒரே இடத்தில் வேலை பார்த்த மூன்று பேர் சேர்ந்து மனு கொடுத்தால் போதும். வேலை போனதற்கு இறக்குமதிதான் காரணமா என்று தொழிலாளர் துறை விசாரிக்கும். ஆமாம் என்றால் பயிற்சிச் செலவு, பயிற்சிக் காலத்தில் வாராந்திரப் பணம், வேலைக்காக ஊர் மாறினால் அதற்கும் உதவி. 2022 ஜூலை 1-லிருந்து புது மனுக்களை விசாரிப்பதில்லை. சட்டத்தின் ஆயுள் முடிந்தது, நாடாளுமன்றம் நீட்டிக்கவில்லை.

நம் நாட்டில் இறக்குமதியைக் காரணமாக வைத்துத் தொழிலாளிக்கென்று ஒரு திட்டம் இல்லை. உங்கள் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கிலோ 129 ரூபாய்க்குக் குறைந்த விலையில் ஸ்க்ரூ இறக்குமதி கூடாது என்று 2024 ஜனவரியில் மத்திய அரசு உத்தரவு போட்டது. ஸ்க்ரூவுக்கு ஒரு விலை வைத்த அரசு, அதை அடித்துக் கொடுத்தவருக்கும் ஒரு வழி செய்திருக்க வேண்டும். இதில் எனக்குத் தீராத கோபம் உண்டு.

ஆனால் உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. மாதாமாதம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, அது ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆட்குறைப்பிலோ ஆலை மூடலிலோ வேலை போனவர்களுக்கு ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா என்று 2005-லிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. உங்களுக்கு முதல் வருடம் மாதம் சுமார் 9,700 ரூபாய் வரும். அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு வைத்தியமும் தொடரும். 90 நாளுக்குப் பணம் தரும் அடல் பெயரிலான திட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ராஜீவ் காந்தி திட்டம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தானாக விலகியவருக்கு இது கிடையாது. ராஜினாமா வேண்டாம் என்று நான் தலையால் அடித்துக்கொள்வது இதற்கும் சேர்த்துத்தான்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே, ‘நான் வேலை செய்யத் தயார். ஆட்குறைப்பு என்றால் எழுத்தில் தாருங்கள்’ என்று இரண்டு வரி எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சம்பளச் சீட்டுகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் நாற்பது பேரும் சேர்ந்து தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய் மனு கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

கேள்வி: என் கணவர் போன மாதமே இப்படி எழுதிக் கொடுத்துவிட்டார். பணம் இன்னும் வரவில்லை. இனி ஒன்றும் முடியாதா?
– வாசகி, ஆவடி

பதில்: முடியும் அம்மா. கிராஜுவிட்டியை எந்தக் கையெழுத்தும் பறிக்க முடியாது. 30 நாளுக்குள் தர வேண்டும். தாண்டினால் வட்டியோடு கேட்கலாம். வற்புறுத்தி எழுதி வாங்கியிருந்தால், எந்தத் தேதியில், யார், என்ன சொல்லி வாங்கினார்கள் என்று அவருக்கு நினைவிருக்கும்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். உடன் இருந்தவர்களின் பெயரும் வேண்டும். அதை வைத்து இந்த வாரமே தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் புகார் கொடுக்கட்டும்.