ஏஜாக்ஸுக்குக் குடிவரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மாமா வீட்டில் நிற்கிறீர்கள், அதற்குக் கிழக்கே உள்ள ஏஜாக்ஸில் ஒரு கிடங்கில் வேலை சரிவந்திருக்கிறது, மனைவியும் நாலு வயதுப் பிள்ளையும் வந்து சேர்ந்துவிட்டார்கள். சின்ன ஊர் சலிக்குமா, தமிழ்க்கடை இருக்குமா, குளிர் கூடவா, பேஸ்மென்ற், அதாவது ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளம், வாடகைக்கு எடுக்கலாமா, பிறகு வீடு வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். கடை இருக்கிறது, முருங்கைக்காய் முதல் இடியப்ப மா வரை கிடைக்கும். குளிர் ஸ்காபரோவில் அடிக்கிற அதே குளிர்தான். சலிப்புக்குப் பிறகு வருகிறேன். பேஸ்மென்ற் கேள்விக்குத்தான் ஆறுதலாகப் பதில் சொல்ல வேண்டும். இந்த ஊரைத் திட்டிக்கொண்டு திரும்பிப் போகிற சனத்தில் அனேகம் பேரை விரட்டியது அவர்கள் அவசரத்தில் எடுத்த பேஸ்மென்ற்.

வீடு பார்க்கப் போனால் முதலில் குசினியைப் பாருங்கள். குசினியையோ பாத்ரூமையோ வீட்டுச் சொந்தக்காரரோடும் அவர் குடும்பத்தோடும் பகிர வேண்டிய இடம் என்றால் ஒன்ராறியோ மாகாணத்தின் வாடகைச் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. நாளைக்கே எழும்பு என்றால் எழும்ப வேண்டியதுதான். தனிக் குசினி, தனிப் பாத்ரூம், தனி வாசல் மூன்றும் இருந்தால் நீங்கள் சட்டப்படி வாடகைக் குடியிருப்பாளர். உங்களை எழுப்ப அவருக்குக் காரணம் வேண்டும், படிவம் வேண்டும், தவணை வேண்டும். தனக்கே வீடு தேவை என்றால்கூட 60 நாள் முன்னறிவித்தலும் ஒரு மாத வாடகை இழப்பீடும் தர வேண்டும்.

முற்பணமாக அவர் சட்டப்படி வாங்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும். முதல் மாத வாடகையோடு சேர்த்து இரண்டு மாதக் காசு, அவ்வளவுதான். சேதத்துக்கு ஐந்நூறு, சுத்தம் செய்ய முந்நூறு என்று கேட்பதெல்லாம் செல்லாது. திறப்புக்கு வைப்புப்பணம் கேட்கலாம், ஆனால் திறப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அது திரும்பி வர வேண்டும், திறப்பு செய்கிற செலவை விடக் கூடவும் இருக்கக்கூடாது. பின்திகதியிட்ட காசோலைகளை மொத்தமாகத் தா என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு எழுதும் ஒப்பந்தம் மாகாண அரசின் பொதுப் படிவத்தில்தான் இருக்க வேண்டும். தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். 21 நாளுக்குள் வராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இதில் என் கோபம் முழுக்க நம்மவர்கள் மேல்தான். "தம்பி நம்ம ஊர்ப் பொடியன், எழுத்தெல்லாம் எதுக்கு, காசாகத் தந்தால் காணும்" என்பார்கள். இந்தக் கதைக்கு மயங்காதீர்கள். ரசீது கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வருமான வரி கட்டும்போது ஒன்ராறியோவின் ட்ரில்லியம் கொடுப்பனவு என்ற அரசு உதவிப்பணத்துக்கு நீங்கள் கட்டிய வாடகையைக் காட்ட வேண்டி வரும். ரசீது இல்லாதவர் அந்தக் காசை வீட்டுக்காரருக்குப் பரிசாகக் கொடுத்தவர் ஆகிறார். கையில் காசாகக் கொடுக்காமல் வங்கியிலிருந்து ஈ-ட்ரான்ஸ்ஃபர் செய்தால் கணக்குத் தானாகவே நிற்கும்.

அடுத்தது, அந்த இடத்தில் உயிரோடு தூங்கலாமா என்பது. படுக்கையறை ஜன்னல், கருவி எதுவும் இல்லாமல் உள்ளே நின்று திறந்து ஓர் ஆள் வெளியே ஏறிப் போகக்கூடியதாக இருக்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவியும், படுக்கையறைக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் கருவியும் வேண்டும். பொத்தானை அமத்திப் பாருங்கள், சத்தம் வராவிட்டால் அது வேலை செய்யவில்லை. அந்தப் பேஸ்மென்ற், ஒரே வீட்டின் இரண்டாவது குடியிருப்பாக நகரசபையில் பதியப்பட்டதா என்று கேளுங்கள். கேட்டதும் முகம் கறுத்தால் பதில் கிடைத்துவிட்டது.

ஈரத்தைக் கண்ணால் பார்க்கலாம். வெளிச்சுவர் அடிப்பாகத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளைத் தூள் படிந்திருந்தால் தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். வெளியே போய்க் கூரைத் தண்ணீர்க் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். சுவரடியிலேயே ஊற்றினால் மார்ச் மாதம் ஸ்னோ உருகும்போது அது உங்கள் கம்பளத்துக்கு வரும். ஆறடியாவது தள்ளி முடிய வேண்டும். ஒவ்வொரு நாளும் சோறும் குழம்பும் ஆக்குகிற வீட்டில் அடுப்புக்கு மேலே உள்ள காற்றாடி வெளியே தள்ளுகிறதா, அல்லது அதே புகையைத் திருப்பி முகத்துக்கு ஊதுகிறதா என்பதும் முக்கியம். கடுதாசி ஒன்றை அதில் ஒட்டிப் பார்த்தால் இழுவை தெரியும், வெளிச்சுவரில் குழாய் வாய் இருந்தால் நல்லது. ஈரம் உறிஞ்சும் கருவி வைத்திருக்கிறார்களா, அதன் ஹைட்ரோ பில்லை, அதாவது மின்சாரக் காசை, யார் கட்டுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூட்டுக் கட்டுப்பாடு பெரும்பாலும் மேல்மாடியில் இருக்கும். மேலே சூடு போதும் என்று அவர்கள் குறைத்தால் கீழே தரை பனிக்கட்டி. செப்ரெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டுக்குள் குறைந்தது 20 பாகை இருக்க வேண்டும் என்பது மாகாண விதி, நகரசபைக்குத் தனி விதியும் இருக்கலாம். பத்து டொலர் வெப்பமானி ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டுப் படம் எடுத்து வையுங்கள். ஹைட்ரோ, காஸ், தண்ணீர் எல்லாம் வாடகைக்குள் அடக்கமா, நூற்றுக்கு இத்தனை என்று பங்கா என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். வாய்ப்பேச்சுப் பங்கு ஜனவரியில் ஏறும்.

கார் நிறுத்துமிடத்தைப் பற்றி யாரும் சொல்லித் தர மாட்டார்கள். வீட்டு முற்றத்தில் இரண்டு கார் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். காலை ஐந்து மணிக்கு வேலைக்கு வெளிக்கிடுகிறவரின் கார் தெருப்பக்கம் நிற்காவிட்டால் விடியாத நேரத்தில் மேல்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டி வரும். அதற்குப் பயந்து தெருவில் விட்டால் குளிர்காலத்தில் இரவுத் தரிப்புத் தடை இருக்கிறது. ஸ்னோ தள்ளும் வண்டி வர வேண்டும் என்பதால் தண்டச் சீட்டு எழுதிவிடுவார்கள். அந்த வண்டி தெருவைத் துப்புரவாக்கும்போது உங்கள் முற்றத்து வாசலில் இறுகிய ஸ்னோ வரம்பு ஒன்றையும் கட்டிவிட்டுப் போகும். அதை ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும். இரவு முழுக்க விட்டால் காலையில் கல். தூக்கி எறியாமல் தள்ளுங்கள், முதுகு மிஞ்சும்.

கார் இல்லாமல் இங்கே வாழலாம், ஆனால் நேரம் தின்னும். உங்களிடம் இலங்கை லைசன்ஸ் இருந்தால் குடியேறிய முதல் 60 நாள் அதை வைத்து ஓட்டலாம். அதற்குள் ஒன்ராறியோவின் முதல்படி லைசன்ஸான ஜி1 எழுத்துத் தேர்வை முடியுங்கள். அதைத் தமிழிலும் எழுதலாம், அடையாளங்கள் 20, விதிகள் 20, ஒவ்வொன்றிலும் 16 சரியாக வேண்டும். வெளிநாட்டு அனுபவத்தை நீங்களே அறிவித்தால் 12 மாதம் வரை கணக்கில் எடுப்பார்கள். வழமையான ஒரு வருடக் காத்திருப்பு இல்லாமல் நேரே அடுத்த படியான ஜி2 ஓட்டத் தேர்வு. இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் இருந்து, லைசன்ஸ் கொடுத்த அலுவலகத்தின் உறுதிக் கடிதமும் இருந்தால் நேரே முழு ஜி தேர்வுக்கே போகலாம். அந்தக் கடிதத்தை ஊரில் இருக்கிற யாரையாவது கொண்டு இப்போதே எடுப்பியுங்கள். இன்சூரன்ஸ் கொம்பனி பழைய அனுபவத்தைப் பார்க்கும்போதும் அது உதவக்கூடும்.

இன்சூரன்ஸில் ஒரு பெரிய கூத்து நடக்கிறது. ஸ்காபரோவில் இருப்பவர்கள் ஏஜாக்ஸில் இருக்கும் மச்சானின் விலாசத்தைக் கொடுத்து மலிவாக எடுப்பார்கள். வாழுமிடத்தின் அஞ்சல் குறியீட்டை வைத்துத்தான் விலை போடுகிறார்கள், அதனால் இந்தத் தந்திரம். விபத்து நடந்து விசாரணை வந்தால் கொம்பனி கையை விரித்துவிடும். இன்னும் மோசம், காசு வாங்கிக்கொண்டு கள்ளச் சீட்டு அடித்துக் கொடுக்கிற ஆக்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே தண்டம் குறைந்தது 5,000 டொலர். நாளைக்கு யாராவது "அண்ணை, உங்கட விலாசத்தைத் தாங்கோ" என்று உங்களிடம் வருவார்கள், கொடுக்காதீர்கள். குடிமாறியதும் லைசன்ஸில் விலாசத்தை ஆறு நாளுக்குள்ளும், மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டையில் 30 நாளுக்குள்ளும் மாற்ற வேண்டும்.

வின்ரர் டயர் இங்கே கட்டாயம் இல்லை. ஆனாலும் வெப்பம் 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடி விட்டுவிடும். மலையும் பனிச்செதிலும் வரைந்த குறி உள்ளதைப் பாருங்கள், நாலு சில்லுக்கும் போடுங்கள். போட்டதை இன்சூரன்ஸுக்குச் சொன்னால் கழிவு தர வேண்டும். 407 நெடுஞ்சாலையில் ஏறுவதானால் பிக்கரிங் ப்ரொக் வீதிக்குக் கிழக்கே 2025 ஜூன் முதல் இலவசம். மேற்கே போனால் கமரா இலக்கத்தகட்டைப் படம் எடுத்துப் பில் வீட்டுக்கு அனுப்பும்.

ரொறன்ரோ நகரத்துக்குள் போக ஏஜாக்ஸ் நிலையத்தில் கோ என்ற புறநகர் ரயிலில் ஏறினால் ஒரு மணிநேரத்துக்குள் நகர நடுவில் உள்ள யூனியன் நிலையம். ஏறும்போதும் இறங்கும்போதும் கட்டண அட்டையைத் தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் போகாத தூரத்துக்கும் காசு வெட்டும். 12 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள பிள்ளைகளுக்குக் கோ ரயில் இலவசம். மாமா வீட்டுக்குப் போக, ஏஜாக்ஸ் அடங்கிய டர்ஹம் பிராந்தியத்தின் பஸ்ஸில் 900ஐப் பிடியுங்கள், கிங்ஸ்ரன் வீதியால் ஸ்காபரோ பல்கலைக்கழக வளாகம் வரை போகும். 2024 பெப்ரவரி முதல் டர்ஹம் பஸ்ஸிலிருந்து ரொறன்ரோ பஸ்ஸுக்கு மாற இரண்டாம் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டிலும் தட்டுவது ஒரே அட்டையாக இருக்க வேண்டும். வீட்டை முடிவு செய்ய முன்னம், உங்கள் வேலை முடியும் நேரத்தில் அந்தத் தெருவுக்குப் பஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். சில பகுதிகளில் இரவில் அழைத்தால் மட்டும் வரும் சேவைதான்.

இனிச் சலிப்பு. இந்த ஊரில் 2021 கணக்கெடுப்பின்படி 1,26,666 பேர். 1941இல் பீரங்கிக் குண்டு நிரப்பும் தொழிற்சாலைக்காக எழும்பிய இடம். 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கரையோரம் ஜெர்மன் கப்பலோடு சண்டையிட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் தெருப்பெயர்களில் பல அந்தக் கடற்படை ஆட்களுடையவை. ஒன்ராறியோ ஏரிக்கரை முழுவதும் கிட்டத்தட்டப் பொதுப் பூங்கா, தனியார் வீடு மறிக்காமல் கிலோமீற்றர் கணக்கில் நடக்கலாம். ரொறன்ரோவின் ஏரிக்கரையில் தரிப்பிடம் தேடும் நேரத்துக்குள் இங்கே நடந்து முடித்துவிடலாம். செப்ரெம்பர் கடைசியில் டஃபின்ஸ் ஓடையில் சால்மன் மீன் முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், காட்சிக்குக் காசில்லை. நூலகத்துக்கு விலாசச் சான்றோடு போனால் அட்டை இலவசம். நீச்சல் வகுப்புப் பதிவு மட்டும் திறந்த காலையிலேயே நிரம்பும், பதிவுக்கான இணையக் கணக்கை முன்கூட்டியே திறந்து வையுங்கள். பிள்ளைக்கு இந்த வருடம் நாலு வயது நிறைகிறதென்றால் செப்ரெம்பரில் பள்ளிக்கூடம். தடுப்பூசிப் பதிவும் விலாசச் சான்றும் கேட்பார்கள், எந்தப் பள்ளி என்பதை விலாசம்தான் தீர்மானிக்கும்.

எண்பதுகளில் வந்த நம் சனம் ரொறன்ரோ நகருக்குள் வெல்ஸ்லி, பார்லிமென்ற் வீதிகளின் பக்கத்து உயர்மாடிகளில் ஒரு வீட்டில் மூன்று குடும்பமாக இருந்தது. இரவு வேலைக்காரர் எழும்பிய பாயில் பகல் வேலைக்காரர் படுத்தார். பிறகு ஸ்காபரோ, அதன்பிறகு மார்க்கமும் ஏஜாக்ஸும். வீடு பெருக்கப் பெருக்கக் கிழக்கேயும் வடக்கேயும் நகர்ந்ததுதான் நம்முடைய வரலாறு. அப்படி வந்தும் சிலர் முடிவெட்ட ஸ்காபரோ, பல்லுப் பார்க்க ஸ்காபரோ, ரொட்டி வாங்க ஸ்காபரோ என்று சனி முழுக்க 401 நெடுஞ்சாலையில் நின்றுவிட்டு, "ஏஜாக்ஸில ஒண்டும் இல்லை" என்பார்கள். அவர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஒன்று விட்டுப்போனது. பிக்கரிங் அணுமின் நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கும் வீடுகளுக்குப் அணு விபத்தில் தைரொயிட் சுரப்பியைக் காக்கும் பொட்டாசியம் அயடைட் குளிசை கொடுத்திருக்கிறார்கள். மேல்வீட்டாரிடம் இருக்கும், கீழே உங்களிடம் இருக்காது. இலவசமாகக் கேட்டு எடுத்துப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அதிகாரிகள் சொன்னால் மட்டும் போட வேண்டும். 2020 ஜனவரி 12 காலை மாகாணம் முழுக்கத் தொலைபேசிகளில் அந்த நிலையம் பற்றித் தவறான எச்சரிக்கை ஒலித்தபோது இந்தக் குளிசை எங்கே என்று தேடியவர்கள் கனபேர்.

பிறகு வீடு வாங்குவது, முதலீடு என்று கேட்டிருந்தீர்கள். அதை இப்போதைக்கு விடுங்கள். ரொறன்ரோவுக்குள் வாங்கினால் மாகாணத்தின் நிலக் கைமாற்று வரிக்கு மேலே மாநகரத்தின் இரண்டாவது கைமாற்று வரி உண்டு, இங்கே அது இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மாமா வீட்டில் நிற்பதால் உங்களுக்கு முன்னறிவித்தல் சிக்கல் இல்லை. ஏஜாக்ஸ் வீட்டில் மாதாமாத வாடகைக்குப் போன பிறகு எழும்ப நினைத்தால் 60 நாள் முன்னம் எழுத்தில் கொடுக்க வேண்டும், அது வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும். ஒரு வருட ஒப்பந்தம் என்றால் அந்த வருடம் முடிய முன்னம் நினைத்தபடி போக முடியாது. ஆகையால் வேலையில் தகுதிகாண் காலம் முடிந்த பிறகு கையெழுத்து வையுங்கள். அதுவரை 900 பஸ் போதும்.