பாரசிட்டமால் சிரப்பைக் குடித்துவிட்ட குழந்தை: அவசரக் குழுவுக்கு ஒத்திகையை எப்படி அமைப்பது?

பயிற்சிப் பொம்மையின் எடை 12 கிலோ என்று வையுங்கள். சிங்கப்பூரில் 5 மில்லிக்கு 120, 250 மில்லிகிராம் என இரண்டு வகை சிரப்பும் கிடைக்கிறது. காலியான 60 மில்லி பாட்டிலோடு பதறி வரும் பாட்டியாக ஒருவர் தமிழிலேயே பேசி நடிக்கட்டும். லேபிளைப் படிக்காத குழு இங்கேயே சறுக்கும்: முதல் வகையில் குழந்தைக்குப் போனது கிலோவுக்கு 120 மில்லிகிராம்; இரண்டாவதில் 250, சிறு குழந்தைகளுக்கான 200 என்ற ஆபத்து வரம்பைத் தாண்டிவிட்டது.

குடித்து 4 மணி நேரம் ஆவதற்கு முன் எடுத்த ரத்தத்தில் உள்ள மருந்தின் அளவை, மாற்று மருந்து தேவையா என்று காட்டும் வரைபடத்தில் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பாரசிட்டமால் நச்சுக்கு மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனின் முதல் டோஸ் கிலோவுக்கு 150 மில்லிகிராம்: மொத்தம் 1,800. மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ள மருந்தில் 9 மில்லி. வாயால் சொன்னால் போதாது, சிரிஞ்சில் இழுக்க வையுங்கள். பத்து மடங்குப் பிழை அங்கேதான் பிடிபடும். பெரியவர்களுக்கான திரவ அளவில் கலந்தால் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். அந்தத் தவறு நடந்தால் பொம்மைக்கு வலிப்பு வரவையுங்கள்.