“சமைப்பீர்களா?” என்று படிவம் கேட்டால் என்ன எழுதுவது?

கேள்வி: எனக்கு 54 வயது. மகள், மருமகனோடு வெம்பிளியில் இருக்கிறேன். முடக்குவாதம் வந்து கைவிரல்கள் வீங்கி வளைந்துவிட்டன. நீண்டகால நோயாலோ உடற்குறையாலோ அன்றாட வேலைகளில் சிரமப்படுபவர்களுக்குப் பிரித்தானிய அரசு கொடுக்கும் ‘பிப்’ (PIP) கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தோம், பெரிய படிவம் ஒன்று வந்திருக்கிறது. சமைப்பீர்களா, குளிப்பீர்களா, உடுப்புப் போடுவீர்களா என்று கேட்கிறார்கள். எல்லாம் ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறேன். முடியாது என்று எழுதினால் பொய்யாகிவிடாதா?
– வாசகி, வெம்பிளி

பதில்: பொய் எழுத வேண்டிய தேவையே இல்லை, சகோதரி. நீங்கள் ஒரு வேலையை எப்படிச் செய்கிறீர்கள், யார் கைகொடுக்கிறார்கள், செய்து முடித்த பிறகு உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதை அப்படியே எழுதினால் போதும். நம் ஆட்களின் படிவங்களில் விடுபட்டுப் போவது பெரும்பாலும் இதுதான். ஆஸ்பத்திரிக் கதை இரண்டு பக்கத்துக்கு இருக்கும். சமையல் பகுதியில் “கொஞ்சம் கஷ்டம்” என்று ஒரே வரி இருக்கும்.

இந்தக் கொடுப்பனவு நோயின் பெயருக்குக் கிடைப்பதில்லை. அன்றாட வாழ்க்கைப் பகுதியில் 10 வேலைகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுகிறார்கள். கூட்டி 8 வந்தால் சாதாரண வீதம், 12 வந்தால் கூடிய வீதம். ஒரு வேலையை உங்களால் செய்ய முடியும் என்று அவர்கள் சொல்வதானால், அதை ஆபத்தில்லாமல், ஏற்கத்தக்க அளவுக்குச் சரியாக, தேவைப்படும் போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் நீங்கள் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும். நியாயமான நேரம் என்பது சுகமாக இருக்கும் ஒருவர் எடுக்கக்கூடிய ஆகக்கூடிய நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும், அந்த முறையில் அந்த வேலையை உங்களால் செய்ய முடியாது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, “செய்கிறேன், ஆனால் இப்படி” என்று எழுதுவதுதான் சரியான பதில்.

உங்களைப் போலவே முடக்குவாதம் உள்ள ஒரு அக்காவுக்குப் படிவம் நிரப்ப உதவினேன். சமையலுக்கு “சமைப்பேன்” என்று எழுதியிருந்தார். பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். மரக்கறி யார் வெட்டுவது? “கத்தி நழுவிக் கை வெட்டுப்பட்டதில இருந்து மகள் தொட விடுறதில்லை. முதல் நாள் இரவே வெட்டி ஃபிரிட்ஜில வைச்சிடுவாள்.” தூள் போத்தல் எப்படித் திறக்கிறீர்கள்? “அவள் வேலைக்குப் போக முதல் எல்லா மூடியையும் தளர்த்தி வைச்சிட்டுத்தான் போவாள்.” சட்டியை இறக்க? “மருமகன் வரும்வரைக்கும் அடுப்பிலயே இருக்கும்.” இவ்வளவையும் அவர் உதவி என்று நினைக்கவே இல்லை. பிள்ளைகள் செய்வதை உதவி என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் கிடையாது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் எழுத வேண்டியது அதைத்தான்.

கடைசியில் இப்படி எழுதினோம்: “விரல்களால் கத்தியை இறுக்கிப் பிடிக்க முடியாது. நழுவிக் கை வெட்டுப்பட்டிருக்கிறது. மரக்கறி வெட்டுவதும் மூடி திறப்பதும் மகள். சூடான சட்டியை என்னால் இறக்க முடியாது. நான் கறியைக் கிளறுவேன், உப்புப் பார்ப்பேன். பத்து நிமிடம் நின்றால் முழங்கால் நோகும், கதிரையில் இருந்துதான் செய்வேன். வாரத்தில் ஐந்து நாளாவது இப்படித்தான்.”

அந்தக் கடைசி வரி முக்கியம். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் உங்கள் நிலை எது என்பதைத்தான் பார்ப்பார்கள். நல்ல நாளையும் மறைக்காமல் எழுதுங்கள். வாரத்தில் எத்தனை நல்ல நாள், எத்தனை கூடாத நாள் என்று பிரித்துச் சொல்லுங்கள். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் குளுசை எடுத்த மறுநாள் எழும்ப முடியாமல் கிடந்தால் அதையும் சேருங்கள். ஒரு வாரத்துக்குக் குறிப்பெழுதி வைத்தால் எழுதுவது சுலபம்.

சமையல் என்று அவர்கள் கேட்பது ஒருவருக்கு மட்டும், பச்சைக் காய்கறியில் தொடங்கி, அடுப்பில் செய்யும் ஒரு எளிய சாப்பாடு. புட்டு, இடியப்பம், மூன்று கறி என்று வைக்க முடியவில்லையே என்பது கணக்கில் வராது. வீடு கூட்டுவது, உடுப்புத் தோய்ப்பது, கடைக்குப் போய்ச் சாமான் தூக்குவது ஆகியவையும் அந்தப் பத்தில் இல்லை. அவற்றுக்குப் பக்கத்தைச் செலவழிக்க வேண்டாம்.

குளிப்பிலும் உடுப்பிலும் இதே மாதிரி. தலையை யார் கழுவிவிடுகிறார்கள்? விடியற்காலையில் விரல் மடங்காதபோது பிளவுஸ் ஊக்கை யார் பூட்டுகிறார்கள்? இடுப்புக்கு மேல் உடுப்புப் போட இன்னொருவர் கை வேண்டுமென்றால் அதற்கு மட்டும் 4 புள்ளி. பின்னால் ஊக்கு வேண்டாம் என்று தொளதொள சட்டைக்கு மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டில் ஆளில்லாததால் உதவி கிடைக்காத நாட்களும் இருக்கும். உதவி தேவைப்படுகிறதா என்பதுதான் கேள்வி, கிடைக்கிறதா என்பதல்ல.

கழிப்பறைப் பகுதியைப் பல பெண்கள் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மகளைக் கூட வைத்திருக்கலாம். ஆனால் மொழிபெயர்க்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால், அவர்கள் முன்னால் சொல்லக் கூசுகிற விஷயங்கள் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். இதைப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது.

படிவத்தைத் திருப்பி அனுப்ப ஒரு மாதம்தான். போதாவிட்டால் முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். அனுப்ப முதல் முழுவதையும் படமெடுத்து வையுங்கள்.

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிறேன். வங்கியில் கொஞ்சம் சேமிப்பும் உண்டு. நான் பிப் கேட்கலாமா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: கேட்கலாம். வருமானமோ சேமிப்போ பார்க்க மாட்டார்கள். வேலைக்குப் போவதும் தடையில்லை. ஆனால் வேலையிடத்தில் உங்களுக்காக என்ன மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், வேலை முடிந்து வந்த பிறகு என்ன நிலையில் இருக்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். அரச ஓய்வூதிய வயதைத் தாண்டிய பிறகு புதிதாகக் கேட்பவர்களுக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்ற வேறு கொடுப்பனவு இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிசெபிலிட்டி பேமென்ட்.

கேள்வி: அம்மாவுக்கு 2 புள்ளிதான் போட்டு மறுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய ஏலாதா?
– வாசகி, குரொய்டன்

பதில்: ஏலும். கடிதத்தில் உள்ள திகதியில் இருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். நேர்காணல் எடுத்தவர் எழுதிய அறிக்கையின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அதில் “தானே உடுப்புப் போடுகிறார்” என்று எழுதியிருக்கும் இடத்தில், யார் எப்படி உதவுகிறார்கள் என்று வரிக்கு வரி மறுத்து எழுதுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். போகும்போது படிவத்தின் பிரதியையும் குளுசைப் பட்டியலையும் கொண்டுபோங்கள்.