'பிளாக் காஃபி' பற்றிக் கேளுங்கள்: அகதா கிறிஸ்டி மேடைக்கு வந்த கதை

இருபத்தைந்து வருடமாக ஓர் அமெச்சூர் குழுவுக்கு நாடகம் எழுதி, இயக்கி வருகிறேன். துப்பறியும் நாடகம் என்றால் கூடுதல் பைத்தியம். அகதா கிறிஸ்டியை எல்லாரும் நாவல்கள் வழியாகப் படித்திருப்பீர்கள். நான் அவருடைய நாடகங்கள் வழியாக உள்ளே போனவள். அவர் எழுதி முதன்முதலில் மேடையேறிய 'பிளாக் காஃபி' பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், கொலைகாரர் யார் என்பதைத் தவிர.

அக்கா, நாவல்லயே நல்ல பேர் வாங்கின ஒருத்தர் எதுக்கு நாடகத்துக்குப் போகணும்? காசுக்கா? (திருச்சி வாசகர்)

காசைவிட எரிச்சல்தான் காரணம் தம்பி. 1926-இல் வந்த 'ரோஜர் ஆக்ராய்டின் கொலை' நாவலை மைக்கேல் மார்ட்டன் என்பவர் 'அலிபி' என்ற பெயரில் நாடகமாக்கினார். 1928 மே மாதம் லண்டன் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தியேட்டரில் அரங்கேறி 250 காட்சிகள் ஓடியது. கிறிஸ்டியின் துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோவாக நடித்தவர் சார்லஸ் லாட்டன். வசூலில் குறை இல்லை. ஆனால் மார்ட்டன் முதலில் போட்டிருந்த திட்டத்தைக் கேளுங்கள்: புவாரோவுக்கு வயதில் இருபதைக் கழித்து, 'போ புவாரோ', அதாவது அழகன் புவாரோ, என்று பெயர் வைத்து, பெண்கள் வரிசையாக அவர்மேல் மயங்குவதாகக் காட்டுவது! முட்டைத் தலையும் முறுக்கிய மீசையுமாகத் தான் பெற்ற பிள்ளையைக் காதல் மன்னன் ஆக்கினால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? சண்டை போட்டு அதைத் தடுத்துவிட்டார். இன்னொன்றைத் தடுக்க முடியவில்லை. நாவலில் டாக்டரின் அக்கா கரோலின் என்று ஒருத்தி வருவாள். கல்யாணமாகாத, வம்பு கேட்கும், ஊர்ச் செய்தி எல்லாம் வீட்டுக்குள் இருந்தபடியே சேகரிக்கும் பெண்மணி. மேடையில் அவளைத் தூக்கிவிட்டு ஓர் இளம்பெண்ணைப் போட்டுவிட்டார்கள். அந்தக் கோபம் கிறிஸ்டிக்குக் கடைசிவரை ஆறவில்லை, சுயசரிதையிலும் எழுதியிருக்கிறார். பிறத்தியாரிடம் கொடுத்தால் இந்தக் கதிதான், நாமே எழுதிப் பார்ப்போம் என்று 1929-இல் உட்கார்ந்தார். அதுதான் 'பிளாக் காஃபி'.

அந்தக் கரோலின்தான் பிறகு கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிள் ஆனார் என்று படித்தேன். உண்மையா மேடம்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

கிறிஸ்டியே அப்படிச் சொல்கிறார். மேடையில் கரோலினைப் பறித்த அந்த நேரத்தில்தான் தனக்கே தெரியாமல் மார்ப்பிள் பிறந்தாள் என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, தேதிக் கணக்குதான் கொஞ்சம் இடிக்கிறது. 'அலிபி' அரங்கேறியது 1928 மே. மார்ப்பிள் வரும் முதல் சிறுகதை 1927 டிசம்பரிலேயே பத்திரிகையில் வந்துவிட்டது. நாவலில் இருந்த கரோலின் விதை என்றால் ஒப்புக்கொள்வேன். நாடகம் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம்.

அவங்க வீட்டுல வேற யாராச்சும் நாடகம் எழுதியிருக்காங்களா?

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அக்கா முந்திவிட்டார். மூத்த சகோதரி மேட்ஜ் எழுதிய 'தி கிளைமன்ட்' 1924-இலேயே லண்டனில் மேடையேறிவிட்டது, அதாவது தங்கைக்கு ஆறு வருடம் முன்னால். துப்பறியும் கதை எழுது பார்க்கலாம் என்று சின்ன வயதில் தங்கையைச் சீண்டிவிட்டதும் இந்த அக்காதான்.

கதை என்ன? முடிவைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

சர் கிளாட் ஏமரி என்ற விஞ்ஞானி. அணுவைப் பிளந்து வெடிகுண்டு செய்யும் சூத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். எழுதியது 1929-இல் என்பதை நினைவில் வையுங்கள். அது பெட்டகத்திலிருந்து காணாமல் போகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டார் எல்லாரும் நூலக அறையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் சொல்கிறார்: கதவுகள் பூட்டியாயிற்று, புவாரோவுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று, வந்துகொண்டிருக்கிறார். இப்போது ஒரு நிமிடம் விளக்கை அணைக்கிறேன். எடுத்தவர் இருட்டிலேயே மேசைமேல் வைத்துவிட்டால் கேள்வி கேட்க மாட்டேன். விளக்கு அணைகிறது. மறுபடி எரியும்போது மேசைமேல் உறை இருக்கிறது. சர் கிளாட் நாற்காலியில் பிணமாக இருக்கிறார். அதற்குச் சற்று முன்புதான், காபி இவ்வளவு கசக்கிறதே என்று முகம் சுளித்திருப்பார். வாசலில் புவாரோ.

முழு நாடகமும் அந்த ஒரே அறைதான். செட் மாற்றம் கிடையாது. மூன்று அங்கம்.

எத்தனை நாள் ஓடியது? முதல் நாடகத்திலேயே சிக்ஸரா?

சிக்ஸர் இல்லை, ஒன்றும் இரண்டுமாக எடுத்த ரன்கள். எழுதி முடித்ததும் அவருடைய ஏஜென்ட் படித்துவிட்டு, இது தேறாது, மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச காலம் கிடப்பில் கிடந்தது. பிறகு வடக்கு லண்டன் ஸ்விஸ் காட்டேஜில் உள்ள எம்பசி தியேட்டரில் 1930 டிசம்பர் 8 அன்று அரங்கேறி, 20-ஆம் தேதி வரை நடந்தது. அங்கே வழக்கமே அப்படிச் சில வாரங்கள் போட்டுப் பார்ப்பதுதான். பிடித்துப்போனதால் 1931 ஏப்ரல் 9 அன்று செயின்ட் மார்ட்டின்ஸ் தியேட்டருக்கு வந்தது; மே மாதம் லிட்டில் தியேட்டருக்கு மாறி, ஜூன் 13 அன்று முடிந்தது. அதே 1931-இல் படமாகவும் எடுத்தார்கள்.

செயின்ட் மார்ட்டின்ஸ் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

நேர்மையாகச் சொல்லுங்கள், நல்ல நாடகமா அது?

பாதி. கிறிஸ்டியே பிற்காலத்தில் அதை வழக்கமான ஒற்றர் கதை, தேய்ந்துபோன சரக்கு நிறைய உண்டு, இருந்தாலும் மோசமில்லை என்கிற மாதிரிதான் சொல்கிறார். ரகசிய சூத்திரம், அதைத் தேடி வரும் சந்தேகத்துக்குரிய இத்தாலிய டாக்டர், கடந்த காலத்தை மறைக்கும் மருமகள். 1930-லேயே இவை பழைய பாத்திரங்கள். சூத்திரம் ஒளிந்திருக்கும் இடம்கூட 1920-இல் வந்த தன் முதல் நாவலின் தந்திரத்தையே மறுபடி எடுத்துப் போட்டதுதான். நாவலைப் படித்தவர்கள் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து சிரித்திருப்பார்கள்.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பது வேறு காரணத்துக்காக. ஒரு நாவலாசிரியர் மேடையை எங்கே கண்டுபிடிக்கிறார் என்பது அதில் அப்படியே தெரிகிறது.

அதைத்தான் கேட்க வந்தேன் அக்கா. நான் மாத நாவல் எழுதுகிறவன். சபாவுக்கு ஒரு மர்ம நாடகம் கேட்கிறார்கள். நாவல் கை மேடைக்கு ஏன் வளைய மாட்டேன் என்கிறது? (ஈரோடு)

ஏனென்றால் நாவலில் மறைப்பதற்கு உங்களுக்கு வாக்கியம் இருக்கிறது. 'அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் போய், அப்பாவின் பழைய படத்தைப் பார்த்து அழுதாள்' என்று எழுதினால் வாசகர் அழுகையோடு போய்விடுவார், கோப்பையை மறந்துவிடுவார். வாசகர் எதைப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் பேனா முனையில் இருக்கிறது. மேடையில் கோப்பை அங்கேயே உட்கார்ந்திருக்கும். முந்நூறு பேர், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த இடத்தைப் பார்ப்பார்கள். அழுகிறவளை விட்டுவிட்டுக் கோப்பையையே பார்க்கும் ஆள் ஒருவராவது இருப்பார். எங்கள் ஊரில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்து ஆளிடம் சத்தமாகவும் சொல்வார்.

கிறிஸ்டி இதற்கு இரண்டு வழி பிடித்தார். முதல் வழி, மறைக்காமல் காட்டுவது. முதல் அங்கத்தில் மருந்துப் புட்டிகள் உள்ள தகரப் பெட்டி ஒன்றைப் பரணிலிருந்து இறக்குவதுபோல் இறக்கி, எல்லாரும் சுற்றி நின்று, எது எத்தனை பேரைக் கொல்லும் என்று வேடிக்கையாகப் பேசுவார்கள். முதல் உலகப்போரின்போது டார்க்கி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்து, அதற்கான தேர்வும் எழுதித் தேறியவர் கிறிஸ்டி. அந்தப் பேச்சில் அனுபவம் தெரியும். அப்போது மருமகள், அளவு மீறினால் விஷமாகும் ஹயோசின் மாத்திரைகளைக் கையில் கொட்டிக்கொள்வதை நாம் நேராகவே பார்க்கிறோம். பார்த்துவிட்டோம் என்ற நிம்மதியில் வேறு எதையும் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்! கண்ணுக்குத் தீனி போட்டுவிட்டால் கண் அலையாது.

இரண்டாவது வழிதான் எனக்கு உயிர்: அந்த ஒரு நிமிட இருட்டு. நாவலில் இருட்டு என்பது ஒரு சொல். படிக்கிறவர் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் அதைப் படிக்கிறார். தியேட்டரில் பாத்திரங்கள் உட்கார்ந்திருக்கும் அதே இருட்டில் பார்வையாளரும் உட்கார்ந்திருக்கிறார். காதுக்குச் சில ஓசைகள் மட்டும் வருகின்றன. பிறகு புவாரோ வந்து ஒவ்வொருவரிடமும் இருட்டில் என்ன கேட்டது என்று விசாரிக்கும்போது, அவர் நம்மையும் சேர்த்துத்தான் விசாரிக்கிறார். நாமும் சாட்சி. இதை எந்த நாவலாலும் செய்ய முடியாது. ஏஜென்ட் தேறாது என்று சொன்ன ஸ்கிரிப்ட்டில் இது இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: நாவலை எடுத்து வசனமாக்காதீர்கள். மேடைக்கென்றே புதிதாக ஒரு சின்னக் கதை யோசியுங்கள். பாத்திரங்களைப் பாதியாகக் குறையுங்கள். கடிதம், கைரேகை, செய்தித்தாள் துணுக்கு எதுவும் தடயம் ஆகாது. பத்தாவது வரிசைக்குத் தெரியாது. பின்வரிசைக்கும் கேட்கிற, தெரிகிற ஒன்றே ஒன்று போதும்.

பிளாக் அவுட் டெக்னிக்கை நம்மூரில் செய்து பார்த்திருக்கிறீர்களா?

செய்தேன், மானமும் போயிற்று. சொந்த நாடகத்தில் இதே மாதிரி நாற்பது நொடி இருட்டு வைத்தேன். ரிகர்சல் எல்லாம் பகலில், வேறு ஹாலில். நாடகத்தன்று பார்த்தால் மேடைக்குப் பக்கத்திலேயே சிவப்பு 'எக்ஸிட்' விளக்கு. அதை அணைக்கக் கூடாதாம். வில்லன் தவழ்ந்து போய்ப் பெட்டியைத் திறப்பது சிவப்பு வெளிச்சத்தில் அவ்வளவு அழகாகத் தெரிந்தது. ஒரு தாத்தா, "அவன்தாண்டா!" என்றார். இடைவேளைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

எனவே ஈரோட்டுத் தம்பி, ஹாலைப் போய்ப் பார்த்துவிட்டு இருட்டை எழுதுங்கள்.

புவாரோவா யாரு நடிச்சாங்க? டிவி புவாரோ டேவிட் சூஷே மாதிரி பொருத்தமா இருந்துச்சா?

பிரான்சிஸ் எல். சல்லிவன். நல்ல நடிகர். ஆனால் ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். புவாரோவோ ஐந்தடி நான்கு அங்குலம்! லாட்டனும் கனத்த உடம்புக்காரர். புவாரோ வேடத்துக்கு மட்டும் ஏன் எப்போதும் ஆஜானுபாகுவான ஆட்களே வந்து சேர்கிறார்கள் என்று கிறிஸ்டி அலுத்துக்கொண்டார். நடிப்பைக் குறை சொல்லவில்லை. இருவரும் நண்பர்களாகவும் ஆனார்கள்.

பிறகு அவர் நாடகங்களில் புவாரோவே இல்லையே, ஏன்?

இந்த நாடகம் கொடுத்த பாடம் என்றுதான் நான் படிக்கிறேன். புவாரோ மேடையில் இருந்தால் எல்லாக் கண்ணும் அவர்மேல்தான்; சந்தேகப்பட வேண்டியவர்கள் நாற்காலிபோல் ஆகிவிடுகிறார்கள். நாவலில் கதை சொல்லும் புவாரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸுக்கு மேடையில் வேலையே இல்லை. 'பிளாக் காஃபி'யில் அவரை ஒரு துடுக்கான பெண்ணிடம் மாட்டிவிட்டுச் சிரிப்புக்குப் பயன்படுத்துகிறார். நைல் நதிக் கதை, 'தி ஹாலோ', 'ஐந்து பன்றிக்குட்டிகள்', எல்லாவற்றையும் பின்னாளில் நாடகமாக்கியபோது புவாரோவை அப்படியே வெட்டி எடுத்துவிட்டார். 'தி ஹாலோ' நாவலிலேயே அவரைக் கொண்டுவந்து கெடுத்துவிட்டேன் என்றுகூட வருந்தினார். பிறர் அழகன் ஆக்கப் பார்த்தபோது சண்டைபோட்ட அதே அம்மா!

அடுத்த நாடகம் உடனே வந்துவிட்டதா?

இல்லை. 'சிம்னீஸ்' என்ற நாடகத்தை அதே எம்பசி தியேட்டர் 1931 டிசம்பருக்கு அறிவித்துவிட்டுக் கைவிட்டது. அது முதன்முதலில் மேடையேறியது 2003-இல், கனடாவின் கால்கரியில். அவரே எழுதி அடுத்து லண்டன் மேடைக்கு வந்த பெரிய வெற்றி 1943-இல், தீவில் பத்துப் பேர் மாட்டிக்கொள்ளும் கதை. நாவலில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். மேடையில் கடைசியில் கதை சொல்ல ஆள் வேண்டுமே? முடிவையே மாற்றினார். தன் நாவல் என்று கை நடுங்கவில்லை.

செயின்ட் மார்ட்டின்ஸ் பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே.

ஆமாம். 1952 நவம்பரில் அம்பாசடர்ஸ் தியேட்டரில் தொடங்கிய கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' நாடகம் 1974-இல் பக்கத்திலிருந்த செயின்ட் மார்ட்டின்ஸுக்கு மாறி, அங்கேயே நிலைத்துவிட்டது. 2020 மார்ச்சில் கோவிட் வந்துதான் நிறுத்தியது. 2021 மே மாதம் மறுபடி திறந்தார்கள். 'பிளாக் காஃபி' ஒரு மாதம் நின்று பார்த்துவிட்டுப் போன அதே மேடை.

நான் இதை நாவலாகப் படித்திருக்கிறேனே?

அது கிறிஸ்டி எழுதியதல்ல. சார்லஸ் ஆஸ்பர்ன் 1990களில் நாடகத்தை நாவலாக்கினார். இளம் வயதில் அந்த இத்தாலிய டாக்டர் வேடத்தில் நடித்தவர் அவர். வசனத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்து, மேடைக் குறிப்புகளை வாக்கியம் ஆக்கியிருக்கிறார். படித்தால் ஆட்கள் கதவைத் திறந்து வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். நாடகமாகக் கிடைத்தால் அதைப் படியுங்கள்.

எங்கள் குழு தமிழில் போடலாமா? பழைய நாடகம்தானே, உரிமை கேட்க வேண்டுமா? (மதுரை)

கேட்டே ஆக வேண்டும். கிறிஸ்டி இறந்தது 1976 ஜனவரி. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு அறுபது ஆண்டு. அதாவது 2036 முடியும்வரை காப்புரிமை உண்டு. மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து அனுமதி வாங்குங்கள். பெயரை மாற்றி, புவாரோவைப் புண்ணியகோடி ஆக்கினாலும் அது அவருடைய கதைதான்.

கடைசிக் கேள்வி அக்கா. மேடையில் நிஜக் காபியா கொடுப்பீர்கள்?

பால் விட்ட காபி வேண்டாம், சட்டையில் கொட்டினால் அடுத்த காட்சி போச்சு. நாங்கள் ஆறின சுக்குக் காபிதான் கொடுப்போம், தொண்டைக்கும் நல்லது. ஒருமுறை செத்துக் கிடக்க வேண்டிய நடிகருக்குக் காரம் ஏறி, பிணம் இருமிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு மட்டும் வெல்லத் தண்ணீர்.